மூக்கு வெளுத்த ஆரல்

சென்னைத் துறைமுகத்து ஷெட்டில் அப்துல் வஹாபுக்கு மார்க்கா பார்க்கிற வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி, மூட்டை, பீப்பாய் ஒவ்வொன்றின் மேலும் அது யாருடையது என்று ஓர் அடையாளம் எழுதியிருக்கும். முக்கோணமோ வட்டமோ, அதற்குள் இரண்டு எழுத்து, கீழே ஓர் எண். அதைப் படித்து எந்தக் குவியலில் சேர்க்கவேண்டும் என்று சொல்லவேண்டும். கடல் தண்ணீர் பட்டு மார்க்கா அழிந்துபோன பெட்டி வந்தால்தான் அவருக்கு உற்சாகம் பிறக்கும். பலகை என்ன மரம், ஆணி எப்படி அடித்திருக்கிறது, கயிற்று முடிச்சு எந்த ஊர்ப் பழக்கம் என்று குனிந்து பார்ப்பார், மோந்துகூடப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "இது பினாங்கு சரக்கு. அந்த மூலைல போடு" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொல்லித் தப்பானது இரண்டே தடவை. அந்த இரண்டையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். மனைவி காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. அதே வருஷம் தங்கை மலிகாவும் புருஷனைப் பறிகொடுத்து, ஆறு வயது சபீஹாவைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அடுப்பு அவள் பொறுப்பு, சாவிக்கொத்து அவள் இடுப்பில். வஹாபுக்குத் தன் சட்டை எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

கண்ணாடித் தொட்டி வந்தது நாற்பத்தெட்டில். ஒரு கம்பெனி துரை சீமைக்குத் திரும்பும்போது அவருடைய பங்களா சாமான்களை ஏலம் விட்டார்கள். சாய்வு நாற்காலிக்கும் கடிகாரத்துக்கும் அடிதடி. இரும்புச் சட்டம் போட்ட இந்தத் தொட்டியை மட்டும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வஹாப் அதைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மலிகா வாசலில் நின்று, "இன்னாண்ணே இது, அரிசி கொட்டவா?" என்று கேட்டாள்.

முதலில் மூர் மார்க்கெட்டில் கலர் மீன் வாங்கி விட்டார். பத்து நாளில் அவருக்கு அலுத்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி, பார்த்த உடனே இன்னதென்று தெரிந்துவிடுகிற மீன்கள். அதில் என்ன இருக்கிறது? செங்குன்றம் ஏரி மீனைக் கூடையில் கொண்டுவந்து சந்து முனையில் விற்கிற பூவம்மாவிடம் ஒரு நாள் கெண்டைக் குவியலுக்கு நடுவே பாம்புக்குட்டி மாதிரி ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. தலை ஊசியாக நீண்டு, மூக்கு நுனியில் ஒரு சின்ன சதைக் கொழுந்து, அது தன்னால் அப்படியும் இப்படியும் ஆடியது. வஹாப் உட்கார்ந்துவிட்டார்.

"விலாங்கா பூவம்மா?"

"விலாங்கு இன்னா விலாங்கு? ஆரலு பாய். முதுவத் தடவிப் பாரு, தெரியும்."

தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினார். வழுக்கிக்கொண்டு போனது. வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினார். வரிசையாக மடிந்து கிடந்த முள்ளெல்லாம் எழுந்து விரலைக் கிழித்துவிட்டன. பூவம்மா சிரித்தாள். வஹாபுக்குக் கோபம் வரவில்லை. மார்க்கா கிடைத்த சந்தோஷம்தான் வந்தது.

அப்புறம் வீட்டில் ஆரல் புராணம்தான். லீவு நாளில் எழும்பூர் மியூசியத்துக்குப் போய், சீசாவில் ஊறவைத்திருந்த ஆரல்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார். ஒரு வகைக்கு முதுகுத் துடுப்பும் வாலும் ஒட்டி ஒன்றாகப் போகும், உடம்பில் வலை பின்னினாற்போல் கோடு இருக்கும், முழம் நீளத்துக்கு மேல் வளரும். இன்னொரு வகைக்கு வால் துடுப்பு தனி, முதுகுத் துடுப்பின் அடியில் கறுப்பு வட்டம் வரிசையாக, மயில் கண் போல. தன்னுடையது இரண்டாவது வகை என்று தீர்மானித்து, அதைக் கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் சொன்னார். விலாங்கென்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள், அரை மணி நேரம் முள்ளைப் பற்றிக் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

வளர்ப்பது அடையாளம் காண்பதைப்போல் சுலபமாக இல்லை. கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே என்று அங்கிருந்து மணலை அள்ளிவந்து கொட்டினார். எத்தனை கழுவியும் உப்பும் கிளிஞ்சல் பொடியும் போகாமல், அதில் புதைந்த முதல் ஆரல் உடம்பெல்லாம் புண்ணாகிச் செத்தது. இரண்டாவது ஆரல், தொட்டிக்கு மேல் போட்டிருந்த பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்கு வழியாக வெளியேறி, காலையில் சமையலறையில் காய்ந்த வாழைநாராகக் கிடந்தது. மூன்றாவதற்கு ஆற்று மணலைச் சலித்து ஒரு சாண் உயரம் பரப்பினார். மேலே கொசுவலைக் கம்பி, அதன்மேல் செங்கல். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும் என்பதால் அதை டிரம்மில் ஒரு பகல் ஒரு ராத்திரி திறந்து வைத்திருந்துதான் ஊற்றுவார்.

அந்த மூன்றாவது நிலைத்தது. இரண்டு வருஷம் இருந்தது. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்துகொண்டு மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் ஓயாமல் உரசி அந்த மூக்கு வெளுத்துப்போயிருந்தது. பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து வஹாப் மண்புழுவைத் தொங்கவிட்டால் மெல்ல மேலே வரும், கொழுந்தால் விரலைத் தடவிப் பார்க்கும், புழுவை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் துறைமுகத்தில் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார். சபீஹா அதற்கு 'மாமு புள்ள' என்று பெயர் வைத்தாள். மலிகா வைத்த பெயர் 'உன் பாம்பு'. புழு டப்பாவைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு அதோடு வேறு தகராறு கிடையாது.

சபீஹாவைத் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் பஷீருக்குக் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு ஆடி மாதம் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. நாற்பது நாள் தாயும் பிள்ளையும் வாசல்படி தாண்டக்கூடாது. மலிகாவுக்கு உட்கார நேரமில்லை. வெந்நீர், பத்தியம், சாம்பிராணி என்று வீடு அல்லோலகல்லோலப்பட்டது. டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரெல்லாம் குழந்தை குளிக்கவும் துணி அலசவும் போய்க்கொண்டிருந்தது.

இருபத்தோராம் நாள் காலை வஹாப் தொட்டித் தண்ணீரை மாற்றப் பார்த்தார். டிரம் காலி. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒரு தடவைதானே என்று குழாய்த் தண்ணீரை அப்படியே நாலு குடம் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது பசியென்றால் அப்படிப் பசி. மலிகா சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். புளியும் பூண்டும் தூக்கலாக, மீன் துண்டு முள்ளை விட்டு வெண்ணெயாகக் கழன்று வந்தது. வஹாப் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கொண்டு, விரலையும் நக்கிக்கொண்டார்.

"இன்னா மீனு மலிகா? இந்த ருசி ருசிக்குது?"

"ஆரலு. புள்ள பெத்தவளுக்கு ரத்தம் ஊறும்னு பூவம்மா குடுத்துச்சு. நாலு வாங்குனேன்."

நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுக் கையலம்பப் போனார். மக்ரிப் தொழுதுவிட்டு வந்து புழுவை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். தொங்கவிட்டார். காத்திருந்தார். மூக்கு வெளியே வரவில்லை. செங்கல் கம்பியின் மேல் இல்லை, தரையில் இருந்தது. கம்பியின்மேல் குழந்தைத் துணி இரண்டு காய்ந்துகொண்டிருந்தது. வஹாப் ஒரு குச்சியால் மணலின் மேலே கிளறிப் பார்த்தார், தரையில் கிடந்த செங்கல்லைத் தூக்கிப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அப்புறம் கொல்லைப்பக்கம் போனார். சாம்பல் குவியலில், பூனை மிச்சம் வைத்துவிட்டுப் போன ஒரே ஒரு ஆரல் தலை கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கு வெளுத்திருந்தது.

அவர் இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றது இதைத்தான்.

"மலிகா!"

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு தலை?"

"ஆரலு தலைண்ணே. கீழ போடு, கலீஜ்."

"எந்த ஆரலு? மூக்கப் பாரு. ரெண்டு வருஷமா நான் பாத்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா? மூணு வாங்கினே. பத்தலைன்னு தொட்டில கைய வுட்டே."

மலிகா விளையாட்டென்று நினைத்து முதலில் சிரித்துவிட்டாள். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

"சிரிக்கிறியா? எனக்கே அத்த ஆக்கிப் போட்டுட்டு சிரிக்கிறியா?"

"பைத்தியமா புடிச்சிருக்குது? மண்ணுக்குள்ள இருக்கும், போய்ப் பாரு. துணி காயப்போட கல்லுதான் எறக்கி வெச்சேன், வேற எதியும் தொடல."

"கல்ல எறக்குனவ மீனத் தொடல, நான் நம்பணும்."

"பூவம்மாவக் கேளு."

"பூவம்மாவக் கேக்க இன்னா கீது? மார்க்கா கையில இருக்கறப்ப ஆளத் தேடிப் போறவன் நான் இல்ல." வஹாபின் குரல் சந்து வரைக்கும் கேட்டது. அப்புறம் அவர் சொல்லக்கூடாததைச் சொன்னார். "நீ எடுக்கலைன்னா குர்ஆனத் தொட்டுச் சொல்லு."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த சபீஹா, "மாமு!" என்று கத்திவிட்டாள்.

மலிகா குழந்தையை மகளிடம் கொடுத்தாள். எழுந்து நின்றாள். "ஒரு மீனுக்காவ நான் குர்ஆனத் தொடமாட்டேன். பன்னெண்டு வருசமா உன் வூட்டுல கீறேன். அது போதாதுன்னா தொட்டாலும் போதாது" என்றாள்.

மறுநாள் வஹாப் ஷிப்டு முடிந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. ஜட்கா வைத்துக்கொண்டு, நாற்பது கழியாத தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, மலிகா திருவொற்றியூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். சாவிக்கொத்து அடுப்பு மேடையில் இருந்தது. ராயபுரத்தில் பச்சை உடம்புக்காரியை இப்படி யாரும் வெளியே அனுப்பினதில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

முதல் இரண்டு நாள் வஹாபுக்கு வீம்பு தாங்கிற்று. மூன்றாம் நாள் சட்டை தேடினார். நாலு டிரங்குப் பெட்டியையும் கவிழ்த்தும் வெள்ளைச் சட்டை அகப்படவில்லை, அழுக்குச் சட்டையோடு வேலைக்குப் போனார். ஹோட்டல் சோறு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியிருந்தது. தொட்டியின் பக்கமே போகவில்லை. அவருக்கு மலிகாவைப் பார்க்கவேண்டும் என்றிருந்தது, குழந்தையைத் தூக்கவேண்டும் என்றிருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற நீலமேகம் பதினைந்து வருஷப் பழக்கம். வியாசர்பாடிக்காரர். மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்து பாதியை வஹாபின் பக்கம் தள்ளியபடி அவர்தான் விஷயத்தைப் பிடுங்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மீனாவது மண்ணாவது. போய் தங்கச்சியக் கூட்டினு வா பாய்" என்றார்.

"போயி இன்னான்னு சொல்றது?"

"தப்பாப் பேசிட்டேன்னு சொல்லு."

"மூக்கு வெள்ளையா இருந்துது நீலமேகம். என் கண்ணால பாத்தேன்."

"இருக்கட்டுமே! தங்கச்சியே எடுத்து ஆக்கியிருந்தாத்தான் இன்னா இப்போ? புள்ள பெத்தவளுக்கு ஒரு மீனு ஆக்கக்கூடாதா? கொலையா பண்ணிச்சு?"

வஹாப் பாதிச் சோற்றிலேயே கையை எடுத்துக்கொண்டார். அவருக்கு நீலமேகம் சொன்னது புரியாமலில்லை. ஆனால் மார்க்கா தப்பு என்று சொல்ல ஒரு காரணம் வேண்டாமா? காரணம் இல்லாமல் ஒரு பெட்டியை ஒரு குவியலிலிருந்து இன்னொரு குவியலுக்கு அவர் மாற்றியதே இல்லை.

பன்னிரண்டு நாள் போயிற்று. பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, லீவு. ஜும்மா தொழுதுவிட்டு வஹாப் வீட்டுக்குப் போகாமல் நேரே கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். திருவொற்றியூர் பஸ் வந்தது. கூட்டம் ஏறிற்று. ஒரு காலைப் படியில் வைத்தவர், போய் என்னவென்று ஆரம்பிப்பது, கையில் என்ன இருக்கிறது என்று யோசித்தார். காலை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் ஊதினான். வஹாப் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

வந்தவருக்குத் தன்மேல் ஆத்திரம். தொட்டியைக் கண்டதும் ஆத்திரம் அதன்மேல் திரும்பிற்று. பன்னிரண்டு நாளாக மாற்றாத தண்ணீர் பச்சையாகிப் பாசி நாற்றம் அடித்தது. இந்தச் சனியனை இன்றோடு காலி செய்கிறேன் என்று வாளியைக் கொண்டுவந்து தண்ணீரை மொண்டு கொட்டினார். கொட்டாங்குச்சியால் மணலை அள்ளினார். பாதி மணல் வெளியே வந்திருக்கும். அடியாழத்தில், கண்ணாடியும் இரும்புச் சட்டமும் கூடுகிற மூலையில், மணல் அசைந்தது. ஓர் ஆரல் சரேலென்று எழும்பி, மிச்சமிருந்த நாலு விரற்கடைத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி ஓடிற்று. மெலிந்து போயிருந்தது. மூக்கு வெளுத்திருந்தது. முதுகுத் துடுப்பின் அடியில் கறுப்பு வட்டங்கள் வரிசையாக இருந்தன.

வஹாப் கொட்டாங்குச்சியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று ஊற்றிய மருந்து போகாத குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் அது ஆழத்துக்குப் போய்ப் பதுங்கியிருக்கிறது. தண்ணீரை ஊற்றியவர் அவர்.

கொஞ்ச நேரம் கழித்துச் சந்து முனைக்குப் போனார். பூவம்மா கூடையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம் பூவம்மா, மலிகா உங்கிட்ட ஆரலு வாங்குச்சா? அப்போ, ரெண்டு வாரம் முன்னால?"

"நாலு வாங்கிகினு போச்சே. இன்னாத்துக்குக் கேக்கறே?"

"அதுல ஒண்ணு மூக்கு வெள்ளையா இருந்துச்சா?"

பூவம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சாம்பலப் போட்டுக் கல்லுல தேச்சா எல்லா மூக்கும் வெள்ளையாத்தான் ஆவும் பாய். தோலு உரியாதா? நீ ஒரு நாளாச்சும் மீனு ஆய்ஞ்சிருக்கியா?"

ஐம்பது வயது வஹாப் ஒரு நாளும் மீன் ஆய்ந்ததில்லை. தின்றதோடு சரி.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. தூக்குப் பாத்திரத்தில் பழைய தண்ணீரை ஊற்றி ஆரலை விட்டு, வாயை ஈரத் துணியால் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இந்தத் தடவை கால் தயங்கவில்லை. காசிமேடு, தண்டையார்பேட்டை என்று பஸ் ஊர்ந்து போகையில் பாத்திரத்தை மடியில் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. தப்பான குவியலில் போய்விட்ட பெட்டி, சரியான மார்க்கா கிடைத்துவிட்டது, இனி எடுத்துச் சரியான இடத்தில் வைக்கவேண்டியதுதான். துணியை அவிழ்த்துக் காட்டினால் மலிகாவே சிரித்துவிடுவாள் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்பதைப் பற்றி நினைக்கவேயில்லை. அதற்குத் தேவை இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

பஷீரின் அம்மா அஜீசுன்னிசா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷி, ஆனால் அடுத்தவரைப் பேசவிடமாட்டாள்.

"வாங்கண்ணே வாங்க! இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா? மலிகா சொல்லிச்சு, ராயபுரத்துல தண்ணி கஷ்டம், குழாயில வரவே இல்லன்னு. பச்சப் புள்ளய வெச்சுகினு இன்னா பண்ணும், இட்டாந்தது நல்லதாப் போச்சு. நாப்பது இங்க கழிஞ்சா இன்னா, அங்க கழிஞ்சா இன்னா? அட, பாத்திரத்துல இன்னா? புள்ள பெத்தவளப் பாக்க வெறுங்கையோட வருவீங்களா நீங்க!"

சொல்லிக்கொண்டே பாத்திரத்தை வாங்கித் துணியை நீக்கிவிட்டாள். "யா அல்லா! ஆரலு! உசுரோட! ஏ சபீஹா, உங்க மாமு உனக்கு இன்னா கொண்டாந்துகீது பாரு. பெத்தவன்கூட இப்பிடித் தேடிப் புடிச்சுகினு வரமாட்டான்."

வஹாப் வாயைத் திறந்தார். சமையலறை நிலைப்படியில் மலிகா நின்றுகொண்டிருந்தாள்.

தண்ணீர் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறாள். சண்டையைப் பற்றி, அவர் குர்ஆனைத் தொடச் சொன்னதைப் பற்றி, இந்த வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. இப்போது அவர் இது என் வளர்ப்பு மீன், குழம்புக்கு இல்லை என்றால், பிறகு ஏன் கொண்டுவந்தீர்கள் என்பார்கள். ஏன் என்று சொன்னால் எல்லாமே சொல்லவேண்டும். தங்கையைத் திருடி என்றதும், பச்சை உடம்புக்காரியைத் துரத்தியதும், எல்லாம். பன்னிரண்டு நாளாக மலிகா மூடிவைத்ததை அவரே அவிழ்த்துப் போடவேண்டும்.

மலிகா கிட்டே வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். ஆரல் வட்டமாகச் சுருண்டு, வெளுத்த மூக்கைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

"இன்னா மீனுண்ணே இது?" என்று அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"ஆரலுதான்" என்றார் வஹாப். அஜீசுன்னிசாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். "சபீஹாவுக்குத்தான் கொண்டாந்தேன்."

மலிகா இன்னும் ஒரு நொடி நின்றாள், அவர் வேறேதாவது சொல்வார் என்பதுபோல. பிறகு பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

சபீஹா குழந்தையை மாமுவின் மடியில் வைத்தாள். அவளுக்கும் புரிந்திருந்தது, கண் கலங்கியிருந்தது. அஜீசுன்னிசா ஆலையில் சம்பளம் ஏற்றப்போவதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். வஹாப் தலையாட்டிக்கொண்டே கேட்டது அதை இல்லை. கொல்லையில் சாம்பல் வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் கல்லில் சரக் சரக்கென்று தேய்க்கிற சத்தம். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில் சம்பந்தி வீட்டில் ஒரு மீனுக்காக எப்படி அழுவது? பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு போட்டார்கள். அஜீசுன்னிசா குழம்புச் சட்டியோடு வந்தாள். "கொண்டாந்தவரு ஒரு துண்டாச்சும்..."

"அண்ணனுக்கு வேணாங்க்கா" என்று மலிகா குறுக்கே வந்தாள். "அதுக்கு வயித்துக்கு ஆவல. பருப்பு கீது, நான் ஊத்தறேன்."

அவள் பருப்பை ஊற்றினாள், அவருக்குப் பிடித்தபடி ஒரு எலுமிச்சை ஊறுகாய்த் துண்டும் வைத்தாள். வஹாபுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தார்.

கிளம்பும்போது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மலிகா கூட வந்தாள். கழுவிய பாத்திரத்தை அவள்தான் கையில் வைத்திருந்தாள். பாதி வழி வந்ததும் வஹாப் ஆரம்பித்தார்.

"மண்ணுக்கு அடியில இருந்துச்சு மலிகா. நேத்துதான் பாத்தேன். உன்மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"உம்."

"நாப்பதுக்கு இன்னும் அஞ்சாறு நாளு. முடிஞ்சதும் ஜட்காவோட வரேன். ரெடியா இரு."

"வேணாண்ணே. நான் இங்கியே இருந்துக்கறேன். அக்கா இருக்கச் சொல்லிச்சு, சபீஹாவுக்கும் துணையாச்சு."

வஹாப் நின்றுவிட்டார். "அதான் மீனு கெடச்சுடுச்சே? அந்த மீனையும் உன் கையாலதானே ஆக்குனே, நான் ஒரு வார்த்த பேசுனனா?"

"பேசல. எனக்கும் மனசு கேக்கலதான். ரெண்டு வருசம் பாத்த மீனு, கல்லுல வெக்கறப்ப கண்ண மூடிகினேன்." அவள் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா, அது அந்த மண்ணுலியே செத்து மக்கிப் போயிருந்தா? உசுரு இருக்கறவரைக்கும் நான் உனக்குத் திருடிதானே?"

வஹாப் பஸ் வருகிற திசையைப் பார்த்தார்.

"நீ வருவேன்னு தெனம் வாசலப் பாத்துகினு இருந்தேன். நேத்துகூட ஜும்மா முடிஞ்சு வருவேன்னு பாத்தேன். நேத்து நீ வெறுங்கையோட வந்து நின்னிருந்தியானா, ஒண்ணும் கேக்காம பொட்டியத் தூக்கிகினு உன்கூட வந்திருப்பேன்."

"நேத்து வந்தேன் மலிகா" என்றார் வஹாப் அவசரமாக. "அல்லாமேல ஆணையா வந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும்."

"அப்புறம்?"

"கையில ஒண்ணும் இல்லியேன்னு..."

மலிகா அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"பஸ் வருதுண்ணே. ஏறு" என்றாள்.